கை எழுத, வாய் படிக்க: மழலையர் வகுப்பில் இரண்டும் ஒரே பாடம்

“அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்றுதான் தமிழில் கேட்கிறோம். ‘படிக்க எழுத’ என்று யாரும் மாற்றிச் சொல்வதில்லை. விஜயதசமியன்று குழந்தையை மடியில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறோம். எழுதும்போதே குழந்தை வாய்விட்டு ‘அ’ என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதை ஏடு தொடக்குதல் என்பார்கள். கல்வியின் அந்த முதல் நிமிடத்தில் கை எழுதுகிறது, வாய் ஒலிக்கிறது, கண் பார்க்கிறது. மூன்றும் ஒன்றாகத் தொடங்குகின்றன. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறோம்.

எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பெரும்பாலான எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் காணலாம். படிப்பது என்றால், ஆசிரியர் ஒன்றைச் சொல்ல வகுப்பே சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்வது. எழுதுவது என்றால், நோட்டின் முதல் வரியில் ஆசிரியர் எழுதித் தந்த எழுத்தைப் பக்கத்தின் அடிவரை நிரப்புவது. மூன்றரை வயதில் ‘ஸ்டாண்டிங் லைன்’, ‘ஸ்லீப்பிங் லைன்’ என்று கோடு போடத் தொடங்கும் கை, யு.கே.ஜி. முடிவதற்குள் பல நோட்டுகளை நிரப்பிவிடுகிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் குழந்தை சொல்ல நினைத்த சொல் ஒன்றுகூட இருக்காது. தான் எழுதியதை அது படிப்பதில்லை. படித்ததைத் தானாக எழுதிப் பார்ப்பதும் இல்லை.

ஐந்து வயதுக் குழந்தை படிக்கக் கற்பதற்கு மிக நேரான வழிகளில் ஒன்று, தன் வாயில் இருக்கும் ஒரு சொல்லைத் தானே ஒலி ஒலியாகப் பிரித்து, தெரிந்த எழுத்துகளைக் கொண்டு எழுதிப் பார்ப்பது. நகலெடுப்பதை எழுதுவது என்று நாம் அழைத்துவந்ததால் இந்த வழி நம் கண்ணில் படாமல் போய்விட்டது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மணலில் தொடங்கிய கதை

எழுத்தும் படிப்பும் எல்லா நாட்டிலும் சேர்ந்தே வளரவில்லை. சுவீடனில் 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பிள்ளைகளும் வேலையாட்களும் உட்பட எல்லாரும் படிக்கக் கற்க வேண்டும் என்றது. குடும்பங்களை வரவழைத்துப் போதகர் சோதித்துப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துவைத்தார். அந்த நாட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் வெகுகாலம் குறைவாகவே இருந்தார்கள். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிகள் நடத்திய ஹன்னா மோர், படிக்க மட்டும் கற்றுக்கொடுத்தார். ஏழைகளுக்கு எழுத்து கற்பிப்பதை அனுமதிப்பதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பிரிவினைக்குள் ஒரு கணக்கு இருந்தது. படிக்க மட்டும் தெரிந்தவர் பிறர் எழுதிவைத்ததைப் பெற்றுக்கொள்வார். எழுதத் தெரிந்தவரோ பதிலும் சொல்லிவிடுவார்.

அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நடந்தது. 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் விடுதியின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியபடி கற்பதைக் கண்டார். தன் விடுதியின் தொடக்க வகுப்பிலும் அப்படியே செய்ய வேண்டும் என்றார். அங்கிருந்த ஆசிரியர் ஒத்துவராததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெல் ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டுக்காகத்தான், அதாவது நம் சட்டாம்பிள்ளைக்காகத்தான், அந்த முறை உலகெங்கும் பேசப்பட்டது. என் பார்வையில் அந்த மணலும் அதற்குக் குறையாதது. எழுத்தைச் சொல்லும் நேரமும் எழுதும் நேரமும் அந்த மணலின்மேல் ஒன்றாயின.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பொருள் விளங்காமல் ஒப்பிப்பது இருந்தது. பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கும் அந்த மணலில் பெரும்பாலும் இடம் இருக்கவில்லை. கையையும் வாயையும் சேர்த்துவைத்த அந்த முறை, குழந்தையின் மனத்தில் இருப்பதைக் கேட்கவில்லை. பின்னால் வந்த அச்சுப் புத்தகமும் கோடு போட்ட நோட்டும் கையையும் வாயையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவைத்தன. மனத்தில் இருப்பதைக் கேட்காத பழக்கம் மட்டும் மாறாமல் நீடித்தது.

1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் எழுத்துதான் முன்னால் வந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகிய குழந்தைகள், ஒரு கட்டத்தில் தாமாகவே சொற்களை எழுதத் தொடங்கினார்கள். சில காலம் கழித்தே படித்தார்கள். மாண்டிசோரி 1939-இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். மணலில் எழுதிப் பழகிய ஊருக்கு உப்புத்தாள் எழுத்து வந்து சேர்ந்தது; ஆனாலும் அது கட்டணப் பள்ளிகளைத் தாண்டி அதிகம் போகவில்லை.

எழுதும்போது குழந்தைக்குள் என்ன நடக்கிறது

படிப்பது அடையாளம் காணும் வேலை. எழுத்து கண்முன்னே இருக்கிறது. குழந்தை அதை இன்னதென்று கண்டுகொண்டால் போதும். பக்கத்தில் மாம்பழப் படம் இருந்தால், ‘மா’ என்ற முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘மாம்பழம்’ என்று சொல்லிவிடலாம். பல குழந்தைகள் படிப்பதுபோலத் தோன்றுவது இப்படித்தான். எழுதும்போது இந்தக் குறுக்குவழி கிடையாது. வெற்றுத் தாளில் ‘மாம்பழம்’ என்று எழுத வேண்டுமானால், முதலில் சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்ல வேண்டும். மா என்று ஒன்று கேட்கிறது. அடுத்து உதடு மூடுகிறது, அது ம். பிறகு ப. ஒவ்வொரு ஒலிக்கும் உரிய வடிவத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும், இடமிருந்து வலமாக வரிசைப்படுத்த வேண்டும், எதையும் விட்டுவிடவில்லையே என்று திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் குழந்தை அதை மூன்று நான்கு முறை படித்துவிடுகிறது. எழுத்து வகுப்புக்குள்ளேயே படிப்பு வகுப்பும் நடந்துவிடுகிறது.

கையின் பங்கும் சிறியதல்ல. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் அழுத்தினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, படிப்பதற்குப் பயன்படும் பகுதிகள் கையால் தாமே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. புள்ளிக்கோட்டின்மேல் வரைந்ததற்குக்கூட அந்த அளவு பயன் இல்லை. கோணலாகவும் குண்டாகவும் எழுதும்போது ஒரே எழுத்தின் பல வடிவங்களைக் குழந்தை பார்க்கிறது. இத்தனை மாறினாலும் இது ‘க’தான் என்பது அதற்குப் புரிகிறது. அச்சடித்த புள்ளிக்கோட்டுப் பயிற்சிநூல்களை வாங்கிக் குவிக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1970-களில்தான் ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பள்ளிக்குப் போகாத வயதிலேயே தாமாக எழுதத் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகளின் எழுத்துப்பிழைகளைச் சார்லஸ் ரீட் 1971-இல் ஆராய்ந்தார். அவை தாறுமாறான பிழைகள் அல்ல, காதில் விழும் ஒலியைக் கூர்மையாகப் பின்பற்றியவை என்று காட்டினார். முதலில் எழுதட்டும், பிறகு படிக்கட்டும் என்று அதே ஆண்டில் கரோல் சாம்ஸ்கி வாதிட்டார். நியூசிலாந்தின் மேரி கிளே, பள்ளியில் சேரும் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, படிப்பும் எழுத்தும் ஒன்றுக்கொன்று உரமாவதை எழுதினார். கனடாவில் ஜீன் உவெலெட், மோனிக் செனெஷல் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. மழலையர் வகுப்புக் குழந்தைகள் தமக்குத் தோன்றியபடி சொற்களை எழுதினார்கள். ஆசிரியர் முழுச் சொல்லையும் திருத்தாமல், அந்தக் குழந்தை நிற்கும் படியிலிருந்து ஒரு படி மட்டும் ஏற்றிக் காட்டினார். இந்தக் குழந்தைகள், ஒலிகளைப் பிரிக்கும் வாய்மொழிப் பயிற்சி மட்டும் பெற்ற குழந்தைகளைவிடப் புதிய சொற்களைப் படிக்க நன்றாகக் கற்றார்கள்.

தமிழ் எழுத்து என்ன கேட்கிறது

மேலே சொன்னவை பெரும்பாலும் ஆங்கிலம் எழுதும் குழந்தைகளைப் பற்றியவை. ஒரே ஒலிக்குப் பல எழுத்து, ஒரே எழுத்துக்குப் பல ஒலி என்று தடுமாறவைக்கும் மொழி அது. அங்கேயே இந்த வழி பலன் தருமானால், ஒலியும் எழுத்தும் இத்தனை நெருக்கமாக இருக்கும் தமிழில் இன்னும் எளிதாகப் பலன் தர வேண்டும். ஆனால் நம்மைப் பயமுறுத்துவது 247 என்ற எண். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் முடித்த பிறகுதான் சொல், அதன் பிறகுதான் வாக்கியம் என்ற வரிசையில் போனால், குழந்தை ஒரு சொல்லை எழுதுவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். எழுத்துகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கற்கும் காலமும் நீளும் என்பது உண்மைதான். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சொனாலி நாக், அந்த எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்புவரைகூட ஆகும் என்று கண்டிருக்கிறார். அதுவரை காத்திருக்கச் சொல்வது எந்தக் குழந்தைக்கும் செய்யும் நியாயமல்ல.

காத்திருக்கத் தேவையும் இல்லை. ட, ப, ம என்று எளிய கோடுகளால் ஆன எழுத்துகளிலிருந்து தொடங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. இந்த மூன்றோடு ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று எழுதிவிடலாம். துணைக்காலைக் காட்டினால் மாமா, பாப்பா, பாடம், மாடம். அ, ஆ இரண்டும் வந்ததும் அப்பா, அம்மா, ஆட்டம். ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும் ஒரு காலும் கையில் இருக்கும் குழந்தை ‘அம்மா பாட்டம்மா’ என்று எதையாவது எழுதி, தானே படித்து, தானே சிரிக்கும். இந்த வரிசை முதலில் கைக்காகத்தான் வகுக்கப்பட்டது. நேர்கோடும் வளைவும் எளிதாக வரும் என்பதற்காக. அதே வரிசை சொல் கட்டுவதற்கும் இவ்வளவு தோதாக இருப்பதை வகுப்பில் நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. ட-வை ஒரு வாரம், ப-வை ஒரு வாரம் என்று தனித்தனியாக நிரப்பவைத்துவிட்டு, படம் என்ற சொல்லை எழுதும் நாளைத் தள்ளிப்போடுகிறோம்.

புள்ளிக்கு வருவோம். தமிழ்க் குழந்தை தானாக எழுதும்போது முதலில் விடுவது புள்ளியைத்தான். ‘அம்மா’வை ‘அமா’ என்று எழுதும். கொஞ்ச நாளில் ‘அமமா’ என்று எழுதும். இந்த இரண்டுக்கும் இடையில் மிகப் பெரிய தூரம் இருக்கிறது. ‘அமா’ எழுதிய குழந்தை இரண்டு அசைகளைக் கேட்டு, அசைக்கு ஒரு குறி வைத்தது. அர்ஜென்டினாவில் ஸ்பானிய மொழிக் குழந்தைகளிடம் எமிலியா ஃபெரேரோவும் அனா தெபெரோஸ்கியும் கண்டு 1979-இல் எழுதியதும் இதுதான்: அசைக்கு ஓர் எழுத்து என்பது குழந்தைகள் தாமே கண்டுபிடிக்கும் ஒரு விதி. ‘அமமா’ எழுதிய குழந்தையோ இரண்டு அசைகளுக்கு நடுவில் உதடு மூடி நிற்கும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டது. மெய்யெழுத்து என்றால் என்ன என்பதை அது உணர்ந்துவிட்டது. புள்ளி வைப்பது மட்டும்தான் பாக்கி. பனையோலை கிழிந்துவிடக் கூடாது என்று எழுத்தாணிக்காரர்களும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், படிப்பவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். ஆசிரியர் ‘அமமா’வைச் சிவப்பு மையால் அடித்தால், குழந்தை ஏறிவந்த படியையே அடித்துவிடுகிறார். “இங்கே வாயை மூடுகிறாய் பார், அதைக் காட்ட ஒரு புள்ளி வைக்கலாமா?” என்று கேட்டால் போதும்.

கொம்பு எழுத்துகள் அடுத்த இடறல். ‘கொ’ என்று சொல்லும்போது க-வின் ஒலிதான் முதலில் காதில் விழுகிறது. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், பிறகு க, பிறகு துணைக்கால். காலத்தில் பின்னால் வருவது தாளில் முன்னாலும் பின்னாலும் வந்து நிற்கிறது. பார்த்துப் படிக்க மட்டும் கற்ற குழந்தை, ‘கொ’வை ‘கெ’ என்று படித்துவிட்டுக் காலைத் தவறவிடுகிறது. கொக்கு, கொடி, பொம்மை, தொட்டி என்று தன் கையால் கட்டிப் பார்த்த குழந்தைக்குக் கொம்பைப் பார்த்ததுமே கண் தானாகத் தாண்டிப்போய்க் கால் இருக்கிறதா என்று தேடும். எழுதிப் பெற்ற பழக்கம் படிக்கும் கண்ணுக்குப் போய்ச் சேரும் இடம் இது.

உகர வரிசையும் அப்படித்தான். பதினெட்டும் பதினெட்டு விதமாக இருப்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். கையால் எழுதினால் மூன்று குடும்பங்கள்தான். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே வளைகின்றன. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே இறங்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே போய் மேலே திரும்புகின்றன. ‘உகர வரிசை’ என்று பதினெட்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கவைக்காமல், குடும்பம் குடும்பமாக எழுதி, அந்தந்தக் குடும்பத்துச் சொற்களை எழுதவைத்தால் சுமை மூன்றாகக் குறைகிறது. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளைச் சீராக்கியது. அதற்கு முன் படித்தவர்களின் கை எத்தனை விதிவிலக்குகளைச் சுமந்தது என்று நினைத்தால், உகரத்தோடு மல்லுக்கட்டும் இன்றைய குழந்தையின்மேல் கொஞ்சம் பரிவு வரும்.

வீட்டுப் பேச்சு தாளில் இறங்கும்போது

குழந்தை தானாக எழுதினால் வீட்டில் பேசும் தமிழ்தான் தாளில் இறங்கும். தமிழ் ஆசிரியர்களை மிகவும் சங்கடப்படுத்துவது இதுவே. தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் ‘இலை’ என்பது வாயில் ‘எல’ என்றுதான் வருகிறது. ‘குடை’ ‘கொட’ ஆகிறது, ‘உடம்பு’ ‘ஒடம்பு’ ஆகிறது, ‘தண்ணீர்’ ‘தண்ணி’ ஆகிறது. குழந்தை ‘எல’ என்று எழுதினால் அது தவறாகக் கேட்கவில்லை, மிகச் சரியாகக் கேட்டிருக்கிறது. எழுத்துத் தமிழின் ‘இலை’ அதன் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது மட்டுமே செய்தி.

இதற்கு அஞ்சித்தான் பலர் குழந்தையைத் தானாக எழுதவிடாமல் நகலெடுக்கவைக்கிறார்கள். ஆனால் நகலெடுக்கும் குழந்தையும் புத்தகத்தில் ‘இலை’யைப் படிக்கும்போது இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறது. எழுத்துக்கூட்டி ‘இ-லை’ என்று சொல்லிவிட்டு, அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் விழிக்கிறது. தமிழ்ப் படிப்பில் இந்த ஊமைத் தடுமாற்றத்தை எத்தனையோ வகுப்புகளில் காணலாம்: எழுத்து எல்லாம் தெரியும், படித்தது மட்டும் விளங்காது. வீட்டுச் சொல்லையும் புத்தகச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாதவரை அது தீராது. குழந்தையின் ‘எல’வுக்குக் கீழே ஆசிரியர் ‘இலை’ என்று எழுதி, “நாம் இப்படிச் சொல்கிறோம், புத்தகத்தில் இப்படி எழுதுவார்கள்” என்று இரண்டையும் படித்துக் காட்டினால், ஒரே நிமிடத்தில் எழுத்தும் படிப்பும் இரண்டு தமிழும் சந்தித்துவிடுகின்றன. பேச்சுத் தமிழைப் பிழை என்று சொல்லாமலே இதைச் செய்ய முடியும். கூடவே, எழுத்துத் தமிழில் நிறையக் கதைகளைக் குழந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும். காதில் விழாத சொல் கையில் வராது.

ல, ள, ழ, ர, ற, ந, ன, ண இவற்றின் குழப்பம் வேறு வகை. வாயில் வேறுபாடு இல்லாத வீட்டில் காதை நம்பிப் பயனில்லை. இதை இந்த வயதில் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. நிறையப் படிக்கும்போது கண் கற்றுக்கொள்ளும்.

பிழை அப்படியே மனத்தில் பதிந்துவிடாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. மழலையில் ‘தாத்தா’வை ‘தாதா’ என்று சொன்ன குழந்தையை யாரும் அடித்துத் திருத்தவில்லை. சுற்றிலும் சரியான பேச்சைக் கேட்டுத் தானாகத் திருத்திக்கொண்டது. எழுத்திலும் அதுவே நடக்கிறது, ஒரு நிபந்தனையோடு: சுற்றிலும் சரியான எழுத்து இருக்க வேண்டும், குழந்தை அதைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத மட்டும் விட்டுவிட்டுப் படிக்கத் தராவிட்டால் பிழை நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எந்த மொழியில்?

தமிழ் மட்டும் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு முதல் எழுத்தாக ‘ஏ ஃபார் ஆப்பிள்’ தரப்படும்போது, இதுவரை சொன்ன எதுவும் நடக்க வழியில்லை. தன் வாயில் இருக்கும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுதச் சொல்கிறோம். அந்த மொழியில் அதன் வாயில் சொற்களே இல்லையே! அப்போது நகலெடுப்பதைத் தவிரக் கைக்கு வேறு வேலை இருக்காது, ஒப்பிப்பதைத் தவிர வாய்க்கு வேறு வேலை இருக்காது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசவும் பாடவும் கதை கேட்கவும் அது வரட்டும். எழுதவும் படிக்கவும் முதலில் கற்கும் மொழி, குழந்தை சண்டை போடும் மொழியாக இருக்க வேண்டும். ஒலியை எழுத்தாக்கும் வித்தை ஒரு மொழியில் கைவந்துவிட்டால், அடுத்த மொழிக்கு அதை எடுத்துச்செல்வது எளிது.

ஆவணங்களில் இதற்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை. 3 முதல் 8 வயதுவரையிலான கல்விக்காக 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், வாய்மொழி, சொல்லறிதல், வாசிப்பு, எழுத்து ஆகிய நான்குக்கும் தினமும் இடம் தரச் சொல்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், சுவரின் கீழ்ப்பகுதியைக் கரும்பலகையாக்கிப் பிள்ளைகளின் கைக்கு எட்டவைத்தது. இன்றும் எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்பப் பயிற்சி தருகிறது. செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குபவை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்தான் கவனிப்பாரில்லாமல் கிடக்கின்றன. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. மாநிலத்தில் அங்கன்வாடிகள் 50 ஆயிரத்துக்கும் மேல். ஒரே பணியாளர் சத்துணவு, எடைக்கணக்கு, பதிவேடு, இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரையிலான பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில், ஒவ்வொரு குழந்தையோடும் உட்கார்ந்து எழுதுவது எப்படி?

நாளுக்கு ஐந்து குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால் முடியும் என்று நினைக்கிறேன். காலையில் பெயர் அட்டைகளைப் பரப்பிவைத்து, தன் அட்டையை எடுத்து மாட்டுவதே வருகைப்பதிவு. பிறகு சிலேட்டில் தன் பெயரை எழுத முயல்வது. பெயரைவிட ஆர்வமான பாடம் அந்த வயதில் இல்லை. அதன்பின் ஒரு கதை. கதை முடிந்ததும் “நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது?” என்று கேட்டு, ஒரு குழந்தை சொன்ன வாக்கியத்தை ஆசிரியர் எல்லாரும் பார்க்கக் கரும்பலகையில் எழுதுவது, எழுதும்போதே நிறுத்தி நிறுத்தி “அடுத்து என்ன எழுத்து வரும்?” என்று கேட்பது, ஓரிடத்தில் சுண்ணக்கட்டியைக் குழந்தையின் கையில் கொடுப்பது, முடிந்ததும் விரல் வைத்து எல்லாரும் படிப்பது. மற்றப் பிள்ளைகள் படம் வரைந்து, தமக்குத் தெரிந்தபடி அதன் பக்கத்தில் எழுதும் கால் மணி நேரத்தில், அன்றைய ஐந்து பேரோடு மட்டும் ஆசிரியர் தரையில் உட்காருவார். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதில் பென்சிலே வேண்டாம். களிமண், புளியங்கொட்டை, கோலப்புள்ளியைச் சுற்றி விரலால் இழுப்பது, மணல் போதும். அழித்து எழுத முடிகிற சிலேட்டு, அழிக்க முடியாத நோட்டைவிடத் துணிச்சல் தரும்.

மாதத்துக்கு ஒரு தாளை மட்டும் தேதி போட்டு எடுத்துவைத்தால் தனித்தேர்வு எதுவும் தேவைப்படாது. ஜூன் மாதத் தாளில் ஒரு பஸ் படமும், நான்கைந்து கிறுக்கல்களும், தன் பெயரின் முதல் எழுத்தும் இருக்கலாம். பிப்ரவரித் தாளில் அதே பஸ் படத்தின் கீழே ‘அபபா பஸல வநதாங்க’ என்று இருக்கும். புள்ளிகள் விழவில்லை, ‘ங்க’வில் மட்டும் எப்படியோ விழுந்திருக்கிறது. அதற்கும் கீழே ஆசிரியர் பென்சிலால் ‘அப்பா பஸ்ஸில் வந்தார்’ என்று எழுதியிருப்பார். தாளை வாங்கிய குழந்தை முதலில் தன் வரியைப் படிக்கும், பிறகு ஆசிரியரின் வரியில் விரலை வைத்து ‘வந்தார்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கும்.